கண்ணாடி துடைக்கும் கம்பும் பிரஷ்ஷும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜன்னல் கண்ணாடி சுத்தம் செய்வதைத் தொழிலாக வைத்திருப்பவர்களும், புதிதாக இதில் இறங்குகிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வரிசைகூட மாறாது. முதலில் கம்பின் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் துண்டுகளாக நீளும், நுனியில் பிரஷ் மாட்டி, தண்ணீரை மேலே ஏற்றி, தரையில் நின்றே உயரத்தைக் கழுவும் கம்பு) நீளம், அப்புறம் அது எந்தப் பொருளில் செய்தது, கடைசியாகப் போனால் போகிறது என்று பிரஷ். கண்ணாடியில் படுவது பிரஷ் மட்டும்தான். கையை வலிக்க வைப்பதும் பெரும்பாலும் கம்பின் நுனியில் இருக்கும் எடைதான். கீழே உள்ள பதில்களில் இந்த இரண்டு விஷயங்களும் திரும்பத் திரும்ப வரும். எண் போட்டிருக்கிறேன், ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லாமல் இருக்க.

1. கம்பு வழியாகத் தண்ணீர் போகும் என்கிறார்கள். துடைக்காமல் விட்டால் கறை படியாதா?

சாதாரணக் குழாய் நீர் என்றால் நிச்சயம் படியும். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மெக்னீசியம் போன்ற உப்புகள் நீர் ஆவியான பிறகு வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். அதனால் இந்த வேலைக்கு ஆர்.ஓ. சவ்வு வழியாகவும், பிறகு அயனி நீக்கும் ரெசின் வழியாகவும் வந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். 10-ஐத் தாண்டினால் கண்ணாடியில் தெரிய ஆரம்பிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் தள்ளும் நீர் மெல்லிய டியூப் வழியாகக் கம்பின் நுனிக்கு ஏறி, பிரஷ்ஷில் உள்ள ஜெட் துளைகளில் வெளியே வரும். பிரஷ் அழுக்கைத் தளர்த்தும், நீர் அதை அடித்துக்கொண்டு போகும், மிச்சம் தானாகக் காயும். சோப்பு வேண்டாம். சோப்பு கலந்தால் உப்பில்லாத நீரைத் தயாரித்த உழைப்பெல்லாம் வீண்.

2. வைப்பர் வைத்தே காலம்காலமாகத் துடைக்கிறோம். இதற்கு மாறித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கைக்கு எட்டும் கண்ணாடி, உள்பக்கக் கண்ணாடி, கடை முகப்பு ஆகியவற்றில் நல்ல வைப்பரை அடிக்க ஒன்றும் கிடையாது. நீர் ஓடும் பிரஷ்ஷை வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது. வெளிப்பக்கம், மேல்மாடி, ஏணி வைக்க இடமில்லாத சுவர் என்று வரும்போதுதான் பிரஷ் கம்பு ஜெயிக்கிறது. கால் தரையிலேயே இருக்கிறது, ஜன்னல் சட்டமும் சேர்ந்து கழுவப்படுகிறது.

வைப்பரையும் கம்பில் மாட்டலாம். ஆனால் அதற்கு விறைப்பான கம்பு வேண்டும், கோணத்தைப் பூட்டி வைக்கும் தலைப்பகுதி வேண்டும். இரண்டாம் மாடிக்கு மேல் ரப்பர் விளிம்பை ஒரே சீராக அழுத்திப் பிடிப்பது பழகிய கைக்கே சிரமம்.

3. மூன்று மாடி உயரத்துக்கு எவ்வளவு நீளக் கம்பு வாங்கணும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். துடைக்க வேண்டிய கண்ணாடியின் மேல் விளிம்பு தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பின் அடிமுனை உங்கள் இடுப்பு வாக்கில், சுமார் 0.8 மீட்டர் உயரத்தில் இருக்கும். மீதி 8.2 மீட்டர். கம்பை நேராகச் செங்குத்தாகப் பிடிக்க மாட்டீர்கள், ஏறக்குறைய 70 டிகிரி சாய்வில் பிடிப்பீர்கள். அப்படியானால் தேவைப்படும் நீளம் 8.7 மீட்டர். நீங்கள் சுவரிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். அந்த 3 மீட்டர் இடம் அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பூந்தொட்டியும் காரும் நிற்கும் இடங்களில் இதை மறந்துவிடுகிறார்கள்.

கம்பின் மேல் எழுதியிருக்கும் நீளத்தை முழுதாக நம்பி வாங்காதீர்கள். ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டுக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும், நிறுத்தக் குறியைத் தாண்டி இழுக்கக் கூடாது. அதே சமயம் "எதற்கும் இருக்கட்டும்" என்று 15 மீட்டர் கம்பு வாங்கி, நாள் முழுக்க முதல் மாடியைத் துடைப்பதும் வேண்டாம். தினமும் செய்யும் உயரத்துக்கு ஒன்று, எப்போதாவது வரும் உயரத்துக்கு நீட்டிப்புத் துண்டுகள். இதுதான் என் கணக்கு.

4. அலுமினியம், ஃபைபர் கிளாஸ், கார்பன்... எதை எடுக்கலாம்?

அலுமினியம் மலிவு, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும், ஆனால் உயரம் கூடக் கூடக் கனக்கும். அடி விழுந்தால் நசுங்கி, துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று போகாமல் சிக்கும். 4 அல்லது 5 மீட்டர் வரைக்கும் போதுமானது. ஃபைபர் கிளாஸ் அதைவிட இலகுவாக இருந்தாலும் வளைந்து ஆடும். கார்பன் ஃபைபர் இலகு, விறைப்பு இரண்டும் சேர்ந்தது. 7 மீட்டருக்கு மேல் தினமும் வேலை என்றால் கார்பன் ஆடம்பரம் இல்லை, தோளைக் காப்பாற்றும் செலவு. ஃபைபர் கிளாஸையும் கார்பனையும் கலந்த ஹைபிரிட் கம்புகள் இடைப்பட்டவை.

கார்பனுக்கு ஒரு பலவீனம் உண்டு. நீளவாக்கில் வரும் வளைவைத் தாங்கும் அளவுக்குப் பக்கவாட்டு நசுக்கலைத் தாங்காது. வண்டிக் கதவில் மாட்டினாலோ, மேலே மிதித்தாலோ, துண்டுகளைப் பூட்டும் கிளாம்ப்பை அளவுக்கு மீறி இறுக்கினாலோ மெல்லிய விரிசல் விழும். அடுத்த நாள் உயரத்தில் இருக்கும்போதுதான் உடையும். விரிசல் விட்ட இடத்தில் வெறுங்கையை ஓட்டிப் பார்க்காதீர்கள், கார்பன் சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

5. பிரஷ் 300 கிராம் கூடுதல் என்றால் பெரிய வித்தியாசமா என்ன?

கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. நுனியில் மாட்டினால் தெரியும். மூன்றாம் கேள்வியின் கம்பையே எடுத்துக்கொள்வோம். பிரஷ் உங்களிடமிருந்து கிடைமட்டமாகக் கிட்டத்தட்ட 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. உங்கள் இரண்டு கைகளுக்கும் நடுவே இருப்பது 60 சென்டிமீட்டர். பிரஷ்ஷைக் கண்ணாடியிலிருந்து எடுத்த நொடியில், அந்த 300 கிராமைச் சமாளிக்க ஒவ்வொரு கையும் சுமார் ஒன்றரைக் கிலோ கூடுதலாகத் தள்ளவோ இழுக்கவோ வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை.

அதனால் விலை உயர்ந்த கார்பன் கம்பை வாங்கி, அதன் தலையில் கனமான பிரஷ்ஷையும் பிரஷ்ஷைக் கம்போடு இணைக்கும், இரும்பு போல் கனக்கும் கழுத்தையும் மாட்டுவது பணத்தைத் தண்ணீரில் கரைப்பது மாதிரி. கம்பில் குறைத்த எடையை நுனியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

6. மேலே போனதும் கம்பு ரொம்ப ஆடுகிறது. கம்பு சரியில்லையா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் மூன்றைப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா? பல கம்புகளில் கிளாம்ப் இறுக்கத்தை ஆலன் கீ வைத்துச் சரிசெய்யலாம். கிளாம்ப்பின் நெம்புகோலை மூட லேசான பலம் தேவைப்படும் அளவு போதும். பிரஷ் கனமா? அதை இப்போதுதான் பார்த்தோம். மூன்றாவது உங்கள் கை வீச்சு. நீளமாக, வேகமாக மேலும் கீழும் ஓட்டினால் எந்தக் கம்பும் ஊஞ்சல் ஆடும். உயரம் கூடும்போது வீச்சைச் சின்னதாக்கி, கம்பின் ஆட்டத்தோடு தாளம் சேர்த்துப் போக வேண்டும்.

இன்னொன்று, உயரம் குறைவான இடத்தில் அடியிலுள்ள தடித்த துண்டுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். முதல் மாடிக்கு மெல்லிய நான்கு துண்டு போதும், எடை நன்றாகக் குறையும்.

7. எந்தத் துண்டை முதலில் இழுப்பது?

மெல்லியதை, அதாவது மேலே இருப்பதை. கம்பு முழுதாக மடங்கி நிற்கும்போது எல்லாக் கிளாம்ப்புகளும் ஒரே இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கி இருக்கும். மெல்லியதில் தொடங்கினால் அடுத்தடுத்த கிளாம்ப்பும் அங்கேயே இருக்கும். தடித்த துண்டை முதலில் ஏற்றிவிட்டால் மற்ற கிளாம்ப்புகள் எல்லாம் உயரே போய்விடும். இறக்கும்போது தலைகீழ் வரிசை, துண்டைக் கையால் பிடித்தபடி. விட்டுவிட்டால் சர்ரென்று இறங்கி விரலை நசுக்கும்.

8. பிரஷ் எவ்வளவு அகலம் இருக்கணும்? பெரிசா இருந்தா வேலை சீக்கிரம் முடியுமே?

கீழ்த்தளத்தில் அகன்ற ஷோரூம் கண்ணாடி என்றால் 45 செ.மீ., 60 செ.மீ. பிரஷ் வேகம் கொடுக்கும். வீடுகளில், சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்த ஜன்னல்களில் அது இடிக்கும், மூலைக்குப் போகாது. 25 முதல் 35 செ.மீ. வரை உள்ளவைதான் அதிகம் உழைக்கும் அளவுகள். உயரம் கூடக் கூட அகலத்தைக் குறைப்பது நல்ல வழக்கம்.

9. நைலானா, பன்றி முடியா?

இதில் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காது. நான் வேலையைப் பார்த்துப் பிரிக்கச் சொல்வேன்.

நைலான் போன்ற செயற்கை நார் இலகுவானது, நீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும். மாதாமாதம் துடைக்கும் கண்ணாடியில் இருப்பது தூசியும் மழைத் தடமும்தான், அதற்கு இது தாராளம். பன்றி முடி இயற்கையாகவே நுனியில் பிளந்து, நடுவில் விறைப்பாக இருக்கும். காய்ந்த பறவை எச்சம், பூச்சிக் கறை, நாள்பட்ட படிவம் ஆகியவற்றில் அது பிடித்துத் தேய்ப்பது கம்பு வழியாகக் கைக்கே தெரியும். ஆனால் நீரைக் குடித்துக் கனக்கும், கரடுமுரடான சட்டத்தில் ஓட்டினால் விரைவில் தேயும், ஈரமாக மூடி வைத்தால் நாற்றமடிக்கும். ஐந்தாம் கேள்வியைப் படித்திருந்தால், 9 மீட்டர் உயரத்தில் நனைந்த பன்றி முடி என்ன செய்யும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் கலந்தவையும் உண்டு: வெளிச்சுற்றில் நீளமான மென்மையான நார், உள்ளே குட்டையான விறைப்பான முடி. லேசாகப் பிடித்தால் மென்மை, சற்று அழுத்தினால் உள்வரிசை கண்ணாடியைத் தொடும். ஒரே பிரஷ்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு இந்த வகையைத்தான் சொல்கிறேன்.

10. நுனி பிளந்தது, பிளக்காதது என்று இரண்டு விதமாக விற்கிறார்களே?

நாரின் நுனியைச் சிறு இழைகளாகக் கீறிவிட்டால் அது மென்மையாகும், நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அது இதமானது. பிளக்காத நார் குச்சி போல் நேராக இருக்கும், கண்ணாடி மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், நீரைத் தேக்காமல் விடும். முதல்முறை கழுவும் அழுக்கு ஜன்னல், சட்டம், ஜன்னலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பலகை ஆகியவற்றுக்குப் பிளக்காத நார்.

அலசும்போது ஒரு வித்தியாசம் தெரியும். பிளந்த நார் அழுக்கு நீரையும் கொஞ்சம் தனக்குள் வைத்திருக்கும். அதனால் அலசும் முன் பிரஷ்ஷைக் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டி, அந்த நீரை வெளியேற்றிவிட்டு அலச வேண்டும்.

11. நல்லா அழுத்தித் தேய்த்தால்தானே அழுக்கு போகும்?

போகாது. நாரின் நுனிதான் அழுக்கைப் பெயர்க்கும். அழுத்தினால் நார் வளைந்து படுத்துவிடும், நுனி கண்ணாடியை விட்டு விலகி, வயிற்றுப் பகுதிதான் உராயும். பிரஷ்ஷின் கட்டை கண்ணாடிக்கு இணையாக இருக்கும்படி கோணத்தை வைத்து, கம்பின் சாய்வு தரும் அழுத்தம் போதும் என்று விட்டுவிடுங்கள். பிடிவாதமான கறை என்றால் பலத்தைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள். நனைத்து விட்டு, பக்கத்து ஜன்னலைச் செய்துவிட்டு, திரும்பி வந்து தேய்த்தால் பாதி தானாக வரும்.

12. ஜெட் எத்தனை இருக்கணும்? கூட இருந்தால் நல்லதுதானே?

பம்ப் தரும் நீர் ஒரே அளவுதான். அதே அளவுள்ள துளைகளை இரண்டிலிருந்து நான்காக்கினால் ஒவ்வொன்றிலும் வேகம் பாதியாகும். உயரத்தில் அது பீய்ச்சாமல் வழியும். 25 முதல் 35 செ.மீ. பிரஷ்ஷுக்கு இரண்டு போதும். அகன்ற பிரஷ்ஷுக்கு நான்கு வைத்தால் பம்ப்பை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். 10 மீட்டர் உயரம் ஏறுவதற்கே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் செலவாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் ஜெட்டின் வடிவம். ஊசி போல் நேராக அடிக்கும் ஜெட், விசிறி போல் விரியும் ஜெட் என்று இரண்டு. எதை எடுப்பது என்பதைக் கண்ணாடிதான் சொல்லும். சில கண்ணாடிகளில் நீர் ஒரே படலமாகப் பரவி இறங்கும். அங்கே ஊசி ஜெட்டே போதும், மேல் விளிம்பில் விட்டால் தானாக அலசிக்கொள்ளும். சிலவற்றில் நீர் மணிமணியாகத் திரண்டு விலகி ஓடும். அங்கே ஊசி ஜெட் விட்டால் கோடு கோடாக ஓடி, நடுவில் அலசாத பட்டைகள் நிற்கும். விசிறி ஜெட் அந்த இடைவெளியை மூடும்.

13. ரின்ஸ் பார் என்று பிரஷ்ஷுக்கு மேலே தனியாக ஒன்று மாட்டுகிறார்களே, அவசியமா?

பல துளைகள் உள்ள ஒரு சின்னக் குழாய் அது. பிரஷ்ஷின் முதுகில் உட்கார்ந்து, நாருக்கு வெளியே கண்ணாடியில் நீரைத் திரையாக விடும். மணிமணியாகத் திரளும் கண்ணாடி நிறைய உள்ள கட்டடத்தில், பிரஷ்ஷைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலேயே அலச உதவும். மற்ற இடங்களில் கூடுதல் எடை. நான் நிரந்தரமாக மாட்டி வைக்க மாட்டேன்.

14. கூஸ்நெக் கழுத்து எதற்கு? பிரஷ் நேராக மாட்டினால் ஆகாதா?

கம்பு சாய்வாக இருக்கும், கண்ணாடி நிமிர்ந்து இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தைச் சரிக்கட்டுவதுதான் கழுத்தின் வேலை. அது சரியில்லாவிட்டால் பிரஷ்ஷின் ஒரு ஓரம் மட்டும் படும், பதினொன்றாம் பதிலில் சொன்ன நுனி வேலை நடக்காது. சாதாரண வீடுகளுக்குப் பிரஷ்ஷிலேயே உள்ள, கம்பை மாட்டும் கோணச் சாக்கெட்டே போதும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் விளிம்பு, சன்ஷேடு, உள்வாங்கிய கண்ணாடி என்றால் நீளமான வளைந்த கழுத்து தேவை.

கழுத்து நீண்டால் பிரஷ் கம்பின் அச்சிலிருந்து விலகும், அப்போது கம்பு கைக்குள் சுழலப் பார்க்கும். தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். கோணத்தை மாற்றிப் பூட்டும் வகையில் பற்கள் தேய்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், அழுத்தத்தில் வழுக்கினால் பிரஷ் தலை தொங்கிவிடும்.

15. ஒரு கம்பெனியின் பிரஷ் இன்னொரு கம்பெனியின் கம்பில் ஏறுமா?

மரையைப் பொறுத்தது. பரவலாக இருப்பவை இரண்டு. ஒன்று ஆக்மி மரை, முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 5 சுற்று. இன்னொன்று யூரோ மரை, அதைவிட அகன்ற சுற்றுகள். பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். ஒன்றில் மற்றொன்றைத் திருகினால் ஒரு சுற்று ஏறி நிற்கும், பலவந்தமாகத் திருகினால் பிளாஸ்டிக் மரை அறுந்துபோகும். இதற்கு அடாப்டர் கிடைக்கிறது. வைப்பர் கம்புகளில் மரைக்குப் பதிலாகக் கூம்பு முனையும் பூட்டும் பொத்தானும் இருக்கும், அது வேறு குடும்பம்.

வெறும் அழுத்தப் பிடிப்பில் நிற்கும் கூம்பை உயரத்தில் நம்பாதீர்கள். கீழே ஆட்கள் நடக்கும் இடத்தில், பூட்டு விழாத எந்தத் தலையும் விழக்கூடிய தலைதான்.

16. டியூப் கம்புக்கு உள்ளேயா, வெளியேயா?

உள்ளே ஓடினால் காற்றில் அலையாது, சட்டத்தில் சிக்காது. ஆனால் கம்பை நீட்டி மடக்கும்போது டியூப்பும் கூடவே இழுபடும், கொஞ்சம் பழக்கம் வேண்டும். வெளியே ஓடினால் மாற்றுவது சுலபம்.

அதைவிட முக்கியம் டியூப்பின் உள்விட்டம். 5 மி.மீ. டியூப்பில் ஒரு மீட்டருக்கு 20 கிராம் நீர் நிற்கும், 9 மீட்டருக்கு 180 கிராம்கூட வராது. 8 மி.மீ. என்றால் ஒரு மீட்டருக்கு 50 கிராம், மொத்தம் 450 கிராம். கம்புக்குள் மெல்லிய டியூப், தரையில் ஓடும் ஹோஸ் மட்டும் சற்றுத் தடிமனாக என்று வைத்துக்கொள்ளலாம்.

17. சிமெண்ட் தெறித்தது, பெயிண்ட் சொட்டியது எல்லாம் பிரஷ்ஷில் போகவில்லை. கம்பில் பிளேடு மாட்டலாமா?

கம்பில் மாட்டும் ஸ்கிரேப்பர் கிடைக்கிறது. நான் ஊக்குவிப்பதில்லை. தரையில் நின்றபடி பிளேடின் கோணமும் தெரியாது, அடியில் மணல் துகள் இருக்கிறதா என்றும் தெரியாது. டெம்பர்டு கண்ணாடியில், அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியில், ஆபத்து இன்னும் அதிகம். உலையில் சூடேற்றும்போது ஒட்டிய நுண்துகள்கள் பரப்பில் இருந்தால், பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய் மெல்லிய கீறல்களைப் போடும். கண்ணாடியை மாற்றுவது தவிர வழி இருக்காது.

பூச்சு ஏதும் இல்லாத சாதாரணக் கண்ணாடியில், பிரஷ்ஷின் பக்கத்தில் மாட்டும் வெண்கல நார்த் திண்டு நல்ல நடுவழி. எப்போதும் நீர் ஓடும்போதுதான், ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான். கட்டுமானக் கறை நிறைய இருந்தால் அது கம்பு வேலையே இல்லை, ஆள் அருகில் போய்ச் செய்ய வேண்டியது. வாடிக்கையாளரிடம் ஆரம்பத்திலேயே அப்படிச் சொல்லிவிடலாம்.

18. தானே சுத்தமாகும் கண்ணாடியாம். அதில் எந்தப் பிரஷ்?

பில்கிங்டன் நிறுவனம் 2001-ல் 'ஆக்டிவ்' என்ற பெயரில் அறிமுகப்படுத்திய வகை இதில் பலருக்குத் தெரிந்தது. வெளிப்பரப்பில் டைட்டானியம் டை ஆக்சைடு படலம் இருக்கும். வெயில் பட்டால் அது உயிரிக் கறைகளைச் சிதைக்கும், மழை நீரையும் படலமாகப் பரவ வைக்கும். பெயர் அப்படி இருந்தாலும் மழை படாத இடத்தில் தூசி தங்கத்தான் செய்யும்.

மென்மையான, நுனி பிளந்த நைலான் போதும். பிளேடு, உலோக நார், உராய்வுப் பொடி எதுவும் கூடாது, சிலிக்கோன் படிந்த துணியும் கூடாது. நீர் படலமாக இறங்குவதால் பன்னிரண்டாம் பதிலில் சொன்னபடி ஊசி ஜெட்டே அழகாக அலசிவிடும்.

19. உப்பே இல்லாத நீர் மின்சாரம் கடத்தாதே. அப்படியென்றால் மின்கம்பி பக்கத்தில் வேலை செய்யலாம்தானே?

கூடாது. கேள்வியின் முதல் பாதி ஓரளவு உண்மை என்பதுதான் இதை ஆபத்தாக்குகிறது. டியூப்புக்குள் இருக்கும்போது அந்த நீர் மிகக் குறைவாகத்தான் கடத்தும். கண்ணாடியிலும் சட்டத்திலும் உள்ள அழுக்கைத் தொட்ட மறுகணம் அதில் உப்பு வந்துவிடும். அந்த நீர்தான் கம்பு வழியாக உங்கள் கைக்கு வழிந்து வருகிறது. கார்பனும் அலுமினியமும் தாமே மின்சாரம் கடத்தும். ஃபைபர் கிளாஸ் கடத்தாது என்றாலும் நனைந்து அழுக்கேறிய கம்பு மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

உயர் அழுத்தக் கம்பியில் இன்னொரு விஷயமும் உண்டு. தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே மின்சாரம் காற்றில் தாவும். கம்பு சரிந்து விழுந்தால் எது வரை போகும் என்று பாருங்கள். அந்த வட்டத்துக்குள் மின்கம்பி இருந்தால் அந்தப் பக்கத்துக்கு வேறு முறை. இடி கேட்டால் கம்பை இறக்கிவிட வேண்டும்.

20. எல்லாம் சரியாகச் செய்தும் காய்ந்த பிறகு புள்ளி வருகிறது. பிரஷ்ஷை மாற்றணுமா?

புள்ளி எங்கே வருகிறது என்று பாருங்கள். கண்ணாடி முழுக்கச் சீராக இருந்தால் நீர்தான். டாங்கில் அளக்காமல் பிரஷ்ஷிலிருந்து வரும் நீரைப் பிடித்து டி.டி.எஸ். பாருங்கள். மேல் ஓரத்திலிருந்து கோடாக இறங்கினால் சட்டமும் ரப்பர் விளிம்பும் காரணம். அங்கே தங்கிய அழுக்கு நீர் நீங்கள் போன பிறகு சொட்டுகிறது. மேல் சட்டத்தை முதலில் கழுவி, வடிய விட்டு, கடைசியாகக் கண்ணாடி என்று வரிசையை மாற்றுங்கள். பழைய பெயிண்ட் மாவு போல் உதிரும் சட்டம் என்றால் அதைப் பிரஷ்ஷால் தொடவே தொடாதீர்கள், கண்ணாடியை மட்டும் செய்யுங்கள்.

மங்கலாகத் தீற்றல் தெரிந்தால் பிரஷ்ஷைச் சந்தேகிக்கலாம். யாராவது சோப்பில் முக்கியிருப்பார்கள், அல்லது எண்ணெய்ப்பசை உள்ள இடத்தைத் தேய்த்த பிரஷ்ஷாக இருக்கும். உப்பில்லாத நீரில் நன்றாக ஓட விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

21. இதே கம்பில் சோலார் பேனலும் துடைக்கலாமா?

துடைக்கலாம், மென்மையான பிரஷ்ஷில். பேனல் படுத்திருப்பதால் கம்பும் படுக்கும். நிமிர்ந்து நிற்கும் கம்பைவிடக் கைக்கு வரும் பாரம் பல மடங்கு, அதனால் இங்கே விறைப்பு மிக முக்கியம். கோணம் மாறும் கழுத்தும் வேண்டும். கொதிக்கும் பேனலில் குளிர்ந்த நீர் விடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடக்கூடும். காலையிலேயே முடித்துவிடுங்கள். உடைந்த பேனலில் நீர் படக் கூடாது, அது மின்சார ஆபத்து.

22. பிரஷ் எவ்வளவு காலம் வரும்?

காலத்தைவிட நாரின் நிலையைப் பாருங்கள். நார் வெளிப்பக்கமாகச் சாய்ந்து திரும்பாமல் நின்றுவிட்டதா, பிளந்த நுனி தேய்ந்து மொட்டையாகிவிட்டதா, ஜெட் துளைக்கு அருகில் நார் கொட்டிவிட்டதா? இதில் ஒன்று வந்தாலும் கண்ணாடியிலிருந்து ஓய்வு கொடுத்து, சட்டம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

நாரின் மேல் நிற்க வைப்பதுதான் பிரஷ்ஷைச் சீக்கிரம் கொல்லும், தொங்கவிடுங்கள். பன்றி முடி என்றால் காற்றோட்டமாகக் காய வேண்டும். கம்பையும் அப்படியே வைக்காமல் துண்டு துண்டாகப் பிரித்து நீரில் அலசித் துடையுங்கள். உள்ளே போன மணல் துகள் ஒவ்வொரு நீட்டலிலும் கம்பின் சுவரை அரைக்கும். எண்ணெய் தடவ வேண்டாம், கிளாம்ப் வழுக்கும்.

23. இப்போதுதான் தொடங்குகிறேன். எல்லாம் வாங்கக் காசில்லை. எதில் செலவு செய்வது, எதில் குறைப்பது?

கம்பில் குறையுங்கள், நீரில் குறைக்காதீர்கள். 6 மீட்டர் ஹைபிரிட் கம்பு ஒன்று, 30 செ.மீ. அளவில் ஒன்பதாம் பதிலில் சொன்ன கலவை நார் பிரஷ் ஒன்று, ஊசி ஜெட் இரண்டு, விசிறி ஜெட் இரண்டு, 5 மி.மீ. டியூப், நம்பகமான டி.டி.எஸ். மீட்டர். கழுத்தை முதல் சில வேலைகள் பார்த்த பிறகு வாங்குங்கள், உங்கள் பக்கத்து ஜன்னல்கள் எப்படி இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும். மூன்றாம் மாடி வேலை வந்தால் அன்றைக்கு மட்டும் யாரிடமாவது வாடகைக்குக் கம்பு வாங்கிக்கொள்ளலாம், மரை பொருந்துகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட்டு.